ஒசாகாவில் ஒகினாவா சாப்பாடு: தைஷோ வட்டாரக் கடைகள், அனுபவங்கள், கேள்விகள்

பாலாறு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வேலை மாற்றலாகி ஒசாகாவுக்கு வந்திருக்கிறேன். நகரைச் சுற்றி ஓடும் லூப் ரயிலில் தைஷோ என்று ஒரு நிலையம். அந்தப் பக்கம் ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஒகினாவாவின் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு என்று கேள்விப்பட்டு, அலுவலக நண்பர் ஒருவருடன் போய்ச் சாப்பிட்டேன்.

சின்னக் கடைதான். சுவர் முழுக்கக் கையால் எழுதி ஒட்டிய சீட்டுகள். அடுப்புக்கு எதிரே ஒரு நீளப் பலகை, அதை ஒட்டி எட்டுப் பேர் உட்காரலாம். மூலையில் தொலைக்காட்சியில் பேஸ்பால் ஓடுகிறது. சமைப்பவர் அறுபது தாண்டிய ஓர் அம்மா. கோயா சாம்புரூவும் (பாகற்காய் வதக்கல்), விலா எலும்புக்கறி வைத்த ஒகினாவா சோபாவும் (நூடுல்ஸ் சூப்) சொன்னோம். பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டி நன்றாகக் காய்ந்ததும் முதலில் தோஃபு. கத்தி வைக்காமல் கையாலேயே பெரிய பெரிய துண்டாகப் பிய்த்துப் போட்டார். அது பொன்னிறமானதும் எடுத்துத் தனியே வைத்தார். அதே சட்டியில் பன்றி இறைச்சி, பிறகு பாகற்காய். காயின் பச்சை நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கும்போதே தோஃபுவைத் திரும்பப் போட்டு, சோயா சாஸ் ஒரு சுற்று, கடைசியில் அடித்த முட்டை. இரண்டு புரட்டு, தட்டில் வந்துவிட்டது. காய் நறுக்கென்று கடிபட்டது, கசப்பும் குறையவில்லை. பாகற்காயைச் சுண்ட வறுத்தும் புளிக்குழம்பில் போட்டுமே சாப்பிட்டுப் பழகிய எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

வெளியே வந்ததும் நண்பர் ஒரு வார்த்தை சொன்னார். அவர் வருடா வருடம் விடுமுறைக்கு ஒகினாவாவின் தலைநகர் நாஹா போகிறவர். "நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அசல் ஒகினாவாச் சாப்பாடு வேண்டுமென்றால் தீவுக்குத்தான் போக வேண்டும்." அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கிருந்து நாஹா சுமார் 1,200 கிலோமீட்டர். இவ்வளவு தள்ளி வந்த பிறகு தட்டில் இருப்பதில் அந்த ஊர் எவ்வளவு மிச்சம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, என் மனைவி சைவம். அடுத்த மாதம் வருகிறார். அவரை இந்தக் கடைகளுக்குக் கூட்டிப் போகலாமா?

---

கரையோரம் எழுதியது:

பாலாறு, தைஷோவைத் தேடிப் போனதற்கே உங்களுக்கு ஒரு பாராட்டு. ஒசாகாவில் பல வருடம் இருக்கும் நம்மவர்கள் பலரும் அந்த நிலையத்தில் இறங்கியதே கிடையாது.

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் விடுபட்டுப் போகிறது. தைஷோ வட்டாரத்தில் நாலில் ஒருவருக்கு ஒகினாவாப் பூர்வீகம் என்று சொல்வார்கள். அவர்கள் சுற்றுலாக்காரர்களுக்குக் கடை போட வந்தவர்கள் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் சர்க்கரை விலை ஏறியிருந்தது. ஒகினாவா கரும்பை நம்பிய தீவு. போர் முடிந்ததும் 1920களில் விலை சரிந்து, தீவே பஞ்சத்தில் விழுந்தது. அரிசி இல்லை, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போதவில்லை. சொதெட்சு என்கிற ஒரு மரத்தை, அதாவது சைகஸ் வகையை, தின்னும் நிலைக்கு வந்தார்கள். அதில் நஞ்சு உண்டு. சரியாக ஊறவைத்துப் புளிக்கவைத்து எடுக்காவிட்டால் உயிரே போய்விடும். அந்தக் காலத்தை இன்றும் 'சொதெட்சு நரகம்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

அப்போது நாஹாவிலிருந்து ஒசாகாவுக்குக் கப்பல் ஓடியது. ஒசாகாவில் பஞ்சாலைகள், மரக்கிடங்குகள், கப்பல் பட்டறைகள். ஆள் வேண்டியிருந்தது, வந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? தங்கும் விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் 'ரியூக்யூக்காரர்களுக்கும் கொரியர்களுக்கும் இடமில்லை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ரியூக்யூ என்பது ஒகினாவாவின் பழைய பெயர். அதற்கும் முன்னால், 1903இல் இதே ஒசாகாவில் நடந்த தொழிற்பொருட்காட்சியில் ஒகினாவாப் பெண்களை ஒரு கொட்டகையில் காட்சிக்கு நிறுத்தினார்கள். தீவிலிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது நின்றது. வேலை கிடைப்பதற்காகக் குடும்பப் பெயரை ஜப்பானிய முறையில் வாசித்துக்கொண்டவர்கள், ஏன், பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

அப்படி வந்தவர்கள் நிலைத்த வட்டாரம் இது. தாழ்வான பகுதி, தண்ணீர் தேங்கும், மரக்கிடங்கு ஓரத்தில் குடிசை. அங்கே அவர்கள் தங்களுக்காகச் சமைத்த சாப்பாடு நூறு ஆண்டுகளை நெருங்குகிறது. உங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மாவே ஒசாகாவில் பிறந்தவராக இருக்கலாம். அவர் தாயிடம் கற்றிருப்பார், தாய் தன் தாயிடம். அதை 'அசல் இல்லை' என்று தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

---

உப்புக்கண்டம் எழுதியது:

> அதை 'அசல் இல்லை' என்று தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை

வரலாற்றை மதிக்கிறேன், கரையோரம். ஆனால் வரலாறு வேறு, வாய் வேறு. ஒகினாவாவில் வேலை நிமித்தம் தங்கியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாலாறின் நண்பர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே ஓர் உதாரணம் தருகிறேன்: தோஃபு.

சாம்புரூவுக்கு உயிரே ஷிமா தோஃபு, அதாவது தீவுத் தோஃபுதான். ஒரு கட்டி கிட்டத்தட்ட ஒரு கிலோ தேறும். தண்ணீர் நன்றாகப் பிழிந்து, கொஞ்சம் உப்போடு, கையில் எடுத்தால் உடையாமல் நிற்கும். அங்கே அதைச் சுடச்சுட விற்பார்கள். கடையில் பொட்டலத்தைத் தொட்டால் கை சுடும். பையின் உள்பக்கம் ஆவி பிடித்திருக்கும். வாங்கி வந்து ஒன்றும் செய்யாமல் அப்படியே ஒரு வாய் தின்று பாருங்கள், பிறகு பேசலாம்.

1972இல் அமெரிக்கா தீவுகளை ஜப்பானிடம் திருப்பிக் கொடுத்தபோது ஜப்பானின் உணவுச் சட்டம் அங்கேயும் வந்தது. தோஃபுவைக் குளிர்ந்த நீரில் போட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. தீவின் தோஃபுக்காரர்கள் விடவில்லை. போராடி விலக்கு வாங்கினார்கள். அவ்வளவு முக்கியம் அவர்களுக்கு அந்தச் சூடு. ஒசாகாவுக்கு வருவது குளிரூட்டிய பொட்டலம். வதக்கினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் அது அதுவல்ல.

---

பாலாறு எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரி என்று படுகிறது. அப்போது பாகற்காயும் இங்கே வரும்போது மாறிவிடுகிறதா?

---

பழஈ எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ட்சுகுபாவில் பூச்சியியல் படிக்கிறேன்.

ஒகினாவாவின் பாகற்காய் ஒசாகாச் சந்தைக்கு வருவதே பெரிய கதை. நம் ஊரில் பாகல், பீர்க்கு, புடல் போட்டவர்களுக்குப் பழ ஈ தெரியும். பிஞ்சிலேயே ஊசி போல் குத்தி முட்டை வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, அறுத்தால் உள்ளே புழு நெளியும். கோவை, தர்மபுரிப் பக்கம் விவசாயிகள் பொறி கட்டித் தொங்கவிட்டு இன்றும் போராடும் அதே ஈ, அதே இனம், ஒகினாவாவிலும் இருந்தது. 1919இல் தென்கோடி யாயெயாமா தீவுகளில் கண்டுபிடித்தார்கள். பிறகு தீவு தீவாக வடக்கே ஏறியது. அதனால் பாகற்காய், பீர்க்கங்காய் போன்றவற்றைப் பச்சையாகப் பெருநிலத்துக்கு அனுப்பத் தடை. ஒசாகாவிலிருந்த ஒகினாவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பாகற்காய் கைக்கெட்டாமல் போனது இதனால்தான்.

1972இல் குமே தீவில் ஒரு வேலை தொடங்கினார்கள். ஈக்களைக் கூடத்தில் கோடிக்கணக்கில் வளர்ப்பது, கூட்டுப்புழுப் பருவத்தில் கோபால்ட்-60 கதிரைக் காட்டி மலடாக்குவது, பறக்க விடுவது. மலட்டு ஆண் ஈயோடு சேர்ந்த பெண் ஈயின் முட்டை பொரிக்காது. தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை விழும். குமேயில் 1978இல் ஈ ஒழிந்தது. அப்படியே ஒவ்வொரு தீவாக முன்னேறி 1993இல் ஒகினாவா முழுவதும் ஒழிந்தது. மொத்தம் 21 ஆண்டுகள். ஈ ஒழிந்த பிறகுதான் பாகற்காய் தாராளமாகக் கப்பலும் விமானமும் ஏறியது. இப்போது ஜப்பானில் எந்தக் காய்கறிக் கடையிலும் கோயா சாதாரணம். மியாசாகி, ககோஷிமா பக்கமும் நிறைய விளைகிறது.

அந்த 21 ஆண்டுகளை நினைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் நான் கோயா சாம்புரூ கேட்கிறேன். இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உலகத்தில் இவ்வளவு பெரிய பரப்பில் இந்த ஈயை ஒழித்த வேலை வேறில்லை என்று எங்கள் துறையில் அதைப் பாடமாகவே படிக்கிறோம்.

கதை முடியவும் இல்லை. அதன் நெருங்கிய உறவான இன்னோர் ஈ 2024இல் ஒகினாவாத் தீவில் தலைகாட்டியது. 2025 ஏப்ரலிலிருந்து பூசணிக் குடும்பக் காய்களைத் தீவுக்கு வெளியே கொண்டுபோக மறுபடியும் கட்டுப்பாடு, பரிசோதனை.

இன்றுவரை பச்சையாக எளிதில் வர முடியாதது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கிழங்கைத் துளைக்கும் இரண்டு வகைக் கூன்வண்டுகள் அங்கே இருப்பதால் கிழங்கு, கொடி எதையும் பச்சையாக எடுத்துவரச் சட்டப்படி தடை. ஆகவே கடையில் ஊதா நிறத்தில் பெனி-இமோ என்கிற சர்க்கரைவள்ளிப் பலகாரம் வந்தால் அது பெரும்பாலும் அங்கேயே வேகவைத்து மசித்து வந்த விழுதாக இருக்கும்.

---

கரையோரம் எழுதியது:

பழஈ, அருமை. இந்த ஈ விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துக் கடைப் பெரியவர் "நாங்கள் சின்ன வயதில் நல்ல கோயா பார்த்ததில்லை" என்று சொல்லும்போது வறுமையைச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் போல.

---

மீனாட்சிபட்டணம் எழுதியது:

சைவக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம். இந்தக் கடைகளில் சாப்பிட்டு வருகிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் தெளிவாகிவிடுவோம். ஒகினாவாச் சமையல் பன்றியின் மேல் நிற்கும் சமையல். காது, முகத்தோல், கால் எதையும் வீணாக்க மாட்டார்கள். அதற்கு மேல் தாஷி, அதாவது கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் சாறு, எல்லாவற்றிலும் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே நிற்கும். மேலே மீன் சீவலைத் தூவியும் தருவார்கள். அது சூட்டில் அசையும். அதைப் பார்த்து என் அம்மா பயந்தே போய்விட்டார். ஒகினாவா சோபாவைச் சைவமாக்கவே முடியாது, மறந்துவிடுங்கள்.

சரி, என்ன சாப்பிடலாம்?

ஜிமாமி தோஃபுவை முதலில் கேளுங்கள். பெயரில் தோஃபு, உள்ளே சோயா கிடையாது. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, கிழங்கு மாவு சேர்த்து அடிப்பிடிக்காமல் கிண்டி ஆறவைத்தது. கரண்டியை வைத்தால் இழுத்துக்கொண்டு வரும், பிறகு அறுபடும். கடலை வாசம் அப்படியே இருக்கும். மேலே ஊற்றும் இனிப்புச் சோயாச் சாற்றில் தாஷி கலந்திருக்கலாம், தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உமிபுதோ ஒரு கடற்பாசி. பச்சை முத்துகளைக் கோத்த மாதிரி இருக்கும், வாயில் போட்டால் படபடவென்று வெடித்து உப்பு நீர் விடும். தொட்டுக்கொள்ளத் தரும் போன்சு என்கிற புளிப்புச் சாற்றிலும் மீன் சாறு இருக்கலாம், ஷிகுவாசா எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். மொசுகு என்கிற வழவழப்பான பாசியை வினிகரில் போட்டுத் தருவார்கள், அதையும் கேட்டுக்கொண்டே வாங்க வேண்டும். நாடு முழுக்க விற்கும் மொசுகு ஏறக்குறைய முழுவதும் ஒகினாவாவில் வளர்ப்பதுதான். எவ்வளவு தூரம் வந்தாலும் மாறாத ஒன்று வேண்டுமென்றால் அதைச் சொல்லலாம்.

கேரட் ஷிரிஷிரி எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய துளையுள்ள துருவியில் தேய்த்த கேரட்டும் முட்டையும், அவ்வளவுதான். பல கடைகளில் டப்பா டூனா சேர்ப்பார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பீர்க்கங்காயை மிசோவில் வேகவைப்பதும் உண்டு. நம் மெழுகுபீர்க்குதான் அது. அதிலும் பன்றி, தாஷி இரண்டையும் விடச் சொல்ல வேண்டும்.

இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "நிகு தோ சகானா தோ தாஷி நுகி தே ஒனெகாய் ஷிமாசு." இறைச்சி, மீன், தாஷி மூன்றும் இல்லாமல் தாருங்கள் என்று அர்த்தம். கடை திறந்தவுடன், மாலை 5 மணி, 5:30 வாக்கில் போங்கள். கூட்டம் வருவதற்கு முன்னால் கேட்டால் பொறுமையாகச் செய்து தருவார்கள். ஒரே பெயரில் பல கிளை வைத்த சங்கிலிக் கடையில் இது நடக்காது. சாறு மொத்தமாகக் கலந்தே வரும், பரிமாறுகிற பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. அம்மா தானே சமைக்கிற சின்னக் கடையில்தான் நடக்கும்.

---

பாலாறு எழுதியது:

மீனாட்சிபட்டணம், மனைவிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். மிக்க நன்றி. குடிக்காதவர்களுக்கு என்ன இருக்கும்?

---

மீனாட்சிபட்டணம் எழுதியது:

சன்பின்சா கேளுங்கள், மல்லிகை மணக்கும் தேநீர். மஞ்சள் தேநீரும் சில கடைகளில் கிடைக்கும். ஒகினாவாவில் மஞ்சள் விளைகிறது. சர்க்கரை போடாமல் குடிப்பார்கள்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

டோக்கியோவிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து.

இந்த இழையில் சங்கிலிக் கடைகளை எல்லாரும் ஓர் ஓரமாகத் தள்ளுகிறீர்கள். ஷின்ஜுகு, இகெபுகுரோ பக்கம் ஒகினாவா இசகாயாக்கள், அதாவது குடித்துச் சாப்பிடும் கடைகள், நிறைய. வாசலில் ஷிஸா சிங்கப் பொம்மை, உள்ளே ஓரியன் பியர்க் கொடி, எட்டு மணிக்கு மேல் சன்ஷின் என்கிற மூன்று தந்தி வாத்திய வாசிப்பு. 2001இல் ஒகினாவாவை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் பெரிய வெற்றி அடைந்த பிறகு இப்படிப் பல கடைகள் வந்தன. அலங்காரம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் அடிக்கடி போகிற கடையில் சமையலறையில் நிற்கும் பையன் மியாகோ தீவுக்காரன். டோக்கியோவுக்குப் படிக்க வந்தவன். ஊர் நினைப்பு வந்தால் வேலை முடிந்து அங்கேயே உட்கார்ந்து சோபா சாப்பிடுகிறான். அவன் கூட்டாளிகளும் அங்கேதான் கூடுகிறார்கள். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து கையை மேலே தூக்கி காச்சாஷி ஆடும்போது, பக்கத்து மேசை அலுவலகக் கூட்டமும் எழுந்து ஆடுகிறது. எவனோ ஒரு முதலாளி கணக்குப் போட்டு வைத்த கடையாக இருக்கட்டும். அந்தப் பையனுக்கு டோக்கியோவில் ஒகினாவா என்று இருப்பது அந்தக் கடை மட்டும்தான்.

---

கரையோரம் எழுதியது:

நெடுஞ்சாலை, நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். என் அளவுகோலும் கிட்டத்தட்ட அதுதான். தீவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, இந்தக் கடை யாருக்காகச் சமைக்கிறது என்று பார்க்கிறேன்.

அதைக் கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. அச்சடித்த பட்டியலை மூடிவைத்துவிட்டு சுவரில் ஒட்டிய சீட்டுகளைப் பாருங்கள். பட்டியலில் கோயா சாம்புரூ, டாகோ ரைஸ், ராஃபுதே (பன்றிக்கறி வேகவைத்தது) எல்லாக் கடையிலும் இருக்கும். விடுமுறைக்குப் போய் வந்தவர்கள் கேட்பது அவைதான். சீட்டில் பீர்க்கங்காய் மிசோ, கோம்பு என்கிற கடற்பாசியில் செய்யும் கோம்பு இரிச்சி, நகாமி என்கிற குடல் சூப் என்றெல்லாம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வந்து அதைக் கேட்கிற பாட்டி தாத்தா அந்தக் கடைக்கு இருக்கிறார்கள் என்று பொருள். தைஷோ வட்டாரத்து ஹிராவோ கடைத்தெருவில் ஒரு கடையில் நான் பார்த்தது: ஒரு மூதாட்டி உள்ளே வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, உட்கார்ந்தார். கடைக்காரர் பன்றிக்கால் குழம்பில் முள்ளங்கியும் கோம்புவும் கூடுதலாகப் போட்டு, கறியைக் குறைத்து, முன்னால் வைத்தார். பல் இல்லாத வாய்க்குத் தகுந்த மாதிரி முள்ளங்கி குழைந்திருந்தது. அந்தக் கிண்ணம் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

உப்புக்கண்டம் சொன்ன சுடு தோஃபு அந்தக் கடையில் இல்லைதான். இருந்தாலும் அது முழுமையான ஒகினாவாக் கடை.

---

உப்புக்கண்டம் எழுதியது:

சரி, தோஃபுவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் கோம்பு என்று சொன்னீர்களே, அதில் உங்கள் பக்கத்துக்கே ஒரு வலுவான சான்று இருக்கிறது. நானே எடுத்துத் தருகிறேன்.

ஒகினாவாக் கடலில் கோம்பு விளையாது, தண்ணீர் சூடு. அது வளர்வது வட கோடியில், ஹொக்கைதோவில். பழைய எடோ ஆட்சிக் காலத்தில் வடகடல் கப்பல்களில் ஒசாகாவுக்கு வந்து, அங்கிருந்து சட்சுமா (இன்றைய ககோஷிமா) வழியாக ரியூக்யூவுக்குப் போய், சீனாவுக்கு விற்பனையானது. போகிற வழியில் தீவிலேயே தங்கி, பன்றியோடு சேர்ந்து வேகத் தொடங்கியது. ஒசாகாவும் சக்காயும் இன்றும் கோம்புக்குப் பேர்போன ஊர்கள். ஆக, பாலாறு தைஷோவில் கோம்பு இரிச்சி சாப்பிட்டால், அந்தக் கோம்பு தன் பழைய பாதையில் பாதி வழியில் நிற்கிறது!

சர்க்கரைவள்ளி 1605இல் நோகுனி சோகான் என்பவர் சீனாவின் ஃபூஜியனிலிருந்து கொண்டுவந்தது. அவாமோரிச் சாராயத்துக்கு அரிசி தாய்லாந்து நீள அரிசி. சாம்புரூவில் இன்று பாதிக் கடைகள் போடும் டப்பா இறைச்சி 1945க்குப் பிறகு அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து வந்தது. தீவின் வீட்டு அலமாரிகளில் அது இல்லாமல் இருக்காது. டாகோ ரைஸ் 1984இல் கின் ஊரில், படைமுகாம் வாசலில், சிப்பாய்களுக்காகப் பிறந்தது.

ஏன், பன்றியே! போரில் தீவின் பன்றிகள் ஏறக்குறைய அழிந்துபோயின. 1948இல் ஹவாயில் கூலி வேலைக்குப் போய்க் குடியேறியிருந்த ஒகினாவர்கள் பணம் திரட்டி, அமெரிக்காவில் 550 பன்றிகளை வாங்கி, ஆரிகனிலிருந்து கப்பலில் ஏற்றினார்கள். ஆட்கள் கூடவே போய், புயலில் கூண்டுகள் உடைந்தபோது திரும்பக் கட்டி, கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுபடி பன்றி பெருகியது அப்படித்தான். தூரத்திலிருந்தவர்கள் தீவுக்கே சாப்பாட்டை மீட்டுக் கொடுத்த கதை இது. இதைச் சொன்ன பிறகு, தூரத்துக் கடை அசலா என்று கேட்பதற்கு எனக்கும் வாய் வரவில்லை. தோஃபு தவிர.

---

பழஈ எழுதியது:

550 பன்றிக் கதை கேட்டுக் கண் கலங்கிவிட்டது. நன்றி, உப்புக்கண்டம்.

---

வெண்ணிலா_கோபே எழுதியது:

சமையல் பக்கம் வருகிறேன். பாலாறு எழுதியதைப் படித்ததும் வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு:

பாகற்காயை நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் விதையையும் வெள்ளைப் பஞ்சையும் வழித்து, அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக நறுக்குங்கள். உப்பும் துளி சர்க்கரையும் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். பிழியும்போது அழுத்தி நசுக்க வேண்டாம், காய் துவண்டுவிடும். தோஃபு மோமென் என்கிற கெட்டி வகை வாங்குங்கள். துணியில் சுற்றி மேலே ஒரு கனத்தை வைத்து அரை மணி நேரம் தண்ணீர் இறங்க விடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் எல்லாமே சொதசொதவென்று போய்விடும். தோஃபுவைத் தனியாகச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதன் பிறகே காய். காயை மூடி போட்டு வேகவைக்கவே கூடாது.

சைவத்துக்கு இறைச்சியை விட்டுவிட்டு, உலர்ந்த ஷீட்டாக்கே காளானை ஊறவைத்துச் சிவக்க வதக்கிச் சேருங்கள், ஊறவைத்த தண்ணீரில் இரண்டு கரண்டி தாஷிக்குப் பதில். முட்டையும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கசப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

காரம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டோம். மேசையில் சின்னப் புட்டியில் மிளகாய் மிதக்கும் தெளிந்த திரவம் இருக்கும். கொரேகூசு. குட்டி மிளகாயை அவாமோரியில் ஊறவைத்தது. சோபாவில் சில சொட்டு போதும். நம்மவர்கள் மிளகாய்த்தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். அது சாராயம், சூட்டில் குப்பென்று ஏறும். கார் ஓட்டி வந்தவர்களும் குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்களும் தொடவே வேண்டாம். ஜப்பானில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் மிகக் கடுமை.

அவாமோரி பொதுவாக 30 சதவீதம் இருக்கும், தண்ணீரும் பனிக்கட்டியும் சேர்த்துத்தான் குடிப்பார்கள். மூன்று வருடம், அதற்கு மேல் பானையில் கிடந்தது கூசு. அதை மட்டும் தண்ணீர் கலக்காமல் சின்னக் கிண்ணத்தில்.

---

தாமரைக்குளம் எழுதியது:

குறுக்கே ஒரு சந்தேகம். என் மகனுக்குக் கோதுமை பிரச்சினை இல்லை, ஆனால் ஜப்பானிய சோபாவில் இருக்கும் பக்வீட் தானியத்துக்கு ஒவ்வாமை கடுமையாக உண்டு. ஒகினாவா சோபா கொடுக்கலாமா?

---

உப்புக்கண்டம் எழுதியது:

ஒகினாவா சோபாவில் பக்வீட் கிடையாது, முழுக்கக் கோதுமை மாவு. இதனாலேயே 1976இல் அரசு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆட்சேபித்தது. நூடுல்ஸ் தயாரிப்பாளர்கள் போராடி 1978 அக்டோபர் 17இல் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

ஆனாலும் கடையில் கட்டாயம் கேளுங்கள். பக்வீட் நூடுல்ஸும் விற்கிற கடையாக இருந்தால் ஒரே கொதிநீரில் இரண்டையும் போடுவார்கள். ஒகினாவா சோபா மட்டும் போடும் கடைக்கே கூட்டிப் போங்கள். கடுமையான ஒவ்வாமை என்றால் மருத்துவரையும் கேட்டுவிட்டு.

---

பாலாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நண்பரிடம் பன்றிக் கதையையும் ஈக் கதையையும் சொன்னேன். அவருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை ஹிராவோ கடைத்தெருப் பக்கம் போகலாம் என்று அவரே கூப்பிட்டிருக்கிறார். ரயில் நிலையத்திலிருந்து எப்படிப் போவது? மனைவி, குழந்தையோடு போனால் உள்ளே புகை இருக்குமா? அப்புறம், செப்டம்பரில் எய்சா ஆட்டம் நடக்கும் என்கிறார்களே, அது எங்கே?

---

கரையோரம் எழுதியது:

நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிற்கும், தெற்கே போகிற வண்டியில் ஏறி ஹிராவோவில் இறங்குங்கள். நடந்தால் அரை மணி நேரம் ஆகும், வெயிலில் வேண்டாம். நேரம் இருந்தால் திரும்பும்போது நகராட்சியின் இலவசப் படகில் ஆற்றைக் கடந்து பாருங்கள். சைக்கிளோடு ஏறுகிற வட்டாரவாசிகள் நடுவே நிற்கலாம், குழந்தைக்குப் பிடிக்கும்.

புகை கடைக்குக் கடை மாறும். சில சின்னக் கடைகளில் இன்னும் புகைப்பார்கள், வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். குழந்தையோடு என்றால் மதியம் போவது நல்லது. பகலில் சோபாவும் சாப்பாட்டுத் தட்டும் மட்டும் போடுவார்கள், கூட்டமும் குடும்பங்களாக இருக்கும். 2 மணிக்கு முன்னால் போய்விடுங்கள். வார விடுமுறை நாள் கடைக்குக் கடை வேறு, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம்.

எய்சா நடப்பது சிஷிமா பூங்காவில். 1975இல் இங்கே வேலைக்கு வந்திருந்த ஒகினாவா இளைஞர்கள் தொடங்கியது, பெயரை மறைத்துக்கொண்டு வாழ்ந்த காலத்தில் நடுப்பூங்காவில் பறை கொட்டி ஆடினார்கள். முதலில் அவர்கள் ஊர்க்காரர்களே சிலர் வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றார்களாம். இன்று ஒசாகா முழுக்கத் திரண்டு வருகிறது. மைதானத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள் போடுவார்கள். ஸாதா அந்தாகி என்கிற இனிப்பு உருண்டை பொரிக்கிற கடையில் காலையிலேயே வரிசை நிற்கும், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். உங்கள் மனைவிக்கு வாங்குவதாக இருந்தால் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். முட்டையும் அதில் உண்டு. உட்கார விரிப்பு ஒன்று கையோடு எடுத்துப் போங்கள், நிழல் குறைவு.